ஜன்னல் கம்பியில் தொங்கிய எண்

எங்கள் வீட்டில் இண்டர்நெட் சமையலறை ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தொங்குகிறது. ஒரு நீளமான யூஎஸ்பி ஒயரின் ஒரு முனையில் கட்டைவிரல் பருமனில் வெள்ளை நிற டாங்கிள், அதன் வயிற்றுக்குள் ஒரு சிம் கார்டு. ஒயரின் மறுமுனை என் லேப்டாப்பில். லேப்டாப் இருப்பது சமையல் மேடையில், கேஸ் அடுப்புக்கு இரண்டடி தள்ளி. அதற்கு முன்னால் உயரமான ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். உலகத்துக்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுப்பதாகப் பீற்றிக்கொள்ளும் பெங்களூரில் என் அலுவலகம் இதுதான்.

இதற்குக் காரணம் வீட்டு ஓனர். ஜோகுபாளையத்தில் எங்கள் சந்து வரைக்கும் கேபிள் இண்டர்நெட் வந்துவிட்டது. கம்பத்திலிருந்து எங்கள் ஜன்னலுக்குப் பத்தடி கூட இருக்காது. கேபிள் இழுக்க வந்த ஆளை ஓனர் மாடிப்படியிலேயே மடக்கிவிட்டார்.

“நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்க சார். செவுத்துல ஓட்டை மட்டும் போடக்கூடாது. இப்பதான் பெயிண்ட் அடிச்சிருக்கு.”

அந்த ‘இப்ப’ நாங்கள் குடிவருவதற்கும் முந்தைய வருஷம். சின்ன ஓட்டைதான், சுண்டுவிரல் கூட நுழையாது, நானே பூசிக் கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். “ஒரு ஓட்டைலதான் சார் எல்லாம் ஆரம்பிக்குது” என்றார், ஏதோ அணைக்கட்டைக் காவல் காப்பவர் போல. அவர் வீட்டு முன்சுவரில் மூன்று ஓட்டைகள், மூன்று கேபிள்கள் இருக்கின்றன. ஆனால் அது அவர் சுவர்.

ஆக, டாங்கிள் வாங்கினேன். வாங்கிய அன்று லேப்டாப்பைத் திறந்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கற்பூரத் தட்டு காட்டுகிற மாதிரி வீடு முழுக்கச் சுற்றினேன். ஹாலில் டாங்கிளின் விளக்கு சிவப்பாகவே இருந்தது. படுக்கையறையில் ஒரு கோடு வந்து போனது. பாத்ரூமில் திடீரென்று மூன்று கோடு. சமையலறை ஜன்னலில் நான்கு. எனக்குக் கொஞ்சம் சுயமரியாதை மிச்சமிருந்ததால் பாத்ரூமை விட்டுவிட்டுச் சமையலறையைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்த நான்கு கோடும் நிலையாக நிற்காது. மழை தூறினால் இரண்டாகும். அல்சூர் பக்கம் கோயில் பல்லக்கு வந்தால் செத்தே போகும், ஏனென்றால் சாமியை ஊரே போனில் வீடியோ எடுத்து அங்கிருந்தே அனுப்பிக்கொண்டிருக்கும். டாங்கிளுக்குப் பின்னால் ஒரு ஸ்டீல் பாத்திரத்தை வைத்தால் சிக்னல் குவியும் என்று யாரோ ஒரு மகான் வீடியோவில் சொன்னதைக் கேட்டு, காய்கறி அலசும் ஸ்டீல் வடிகட்டியை ஜன்னலில் கட்டி அதற்கு நடுவில் டாங்கிளைத் தொங்கவிட்டேன். சிக்னல் கூடியதா என்று தெரியாது. என் மனைவிக்குக் காய் அலச வடிகட்டி இல்லாமல் போனது மட்டும் நிச்சயம்.

என் வேலையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த செருப்படி அங்கிருந்துதான் வருகிறது. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ஆஸ்பத்திரி பாரங்களைச் சரிபார்க்கிறேன். எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா, நிரப்பியது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது என் உத்தியோகம். தொடர்பு எண் தப்பாக இருந்தால் தயவு தாட்சண்யமே பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். ‘ஒரு போன் நம்பரைக்கூடச் சரியாக எழுதத் தெரியாத ஜனங்கள்’ என்று சமையலறையில் உட்கார்ந்து உரக்கத் திட்டியிருக்கிறேன்.

என் மனைவி பொம்மசந்திராவில் ஒரு கார்மென்ட்ஸில் லைன் சூப்பர்வைசர். அதாவது, இருந்தாள். டெய்லராகச் சேர்ந்து, அறுபது தையல் மெஷின்கள் கொண்ட ஒரு லைனைத் தனியாக நடத்தும் அளவுக்கு வந்தவள். பதினான்கு வருஷம். காலை ஆறரைக்கு மெயின் ரோட்டில் கம்பெனி வேன் வரும். அவள் ஏறிப் போய்விட்டால் சமையலறை பூராவும் என் ராஜ்ஜியம். நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதில் யாருக்கும் தொந்தரவில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தது அந்தக் காலத்தில்தான்.

அந்தக் கம்பெனி ஒருநாள் யூனிட்டை மூடி, மெஷின்களை வேறு ஊருக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வேன் நின்றது. அவள் வீட்டுக்கு வந்தாள். ஒரே சமையலறையில் இரண்டு பேர் ஆனோம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இத்தனை வருஷம் உழைத்துவிட்டு வந்தவளுக்கு ஸ்டூலைக் காலி செய்து கொடுத்திருக்க வேண்டும். நான் செய்ததோ, சட்டம் போட்டது. மீட்டிங் நேரத்தில் மிக்ஸி ஓடக் கூடாது. சட்னியா, ஒன்பதுக்கு முன்னால் அரைத்துக்கொள். குக்கர் விசில் வந்தால் என் மேலதிகாரி முகத்தைச் சுளிக்கிறார், அதனால் சாதத்தைப் பாத்திரத்தில் வடித்துக்கொள். வடித்த கஞ்சியின் ஆவி டாங்கிளில் படக் கூடாது. தாளிக்கும்போது ஜன்னலைச் சாத்தக் கூடாது, சிக்னல் போய்விடும். அறுபது பேரை மேய்த்தவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒருமுறை மட்டும், “எங்க ஃப்ளோர் மேனேஜரே தேவல” என்றாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பத்து நாள் போனதும் வேறு கார்மென்ட்ஸில் வேலைக்கு எழுதிப் போடலாம் என்றாள். பொம்மசந்திராவிலேயே நாலைந்து பெரிய கம்பெனிகள் ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. முன்பென்றால் கேட்டில் போய் நின்று, செக்யூரிட்டியிடம் ‘வேக்கன்சி இருக்கா’ என்று கேட்டால் போதும். இப்போது எல்லாம் ஆன்லைன் பாரம். “நீங்கதான் பாரத்துல பெரிய கில்லாடியாச்சே, போட்டுக் குடுங்க” என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெயர், வயது, அனுபவம், எந்தெந்த மெஷின் தெரியும், என்னென்ன பாஷை பேசுவாள் என்று மளமளவென்று நிரப்பினேன். அப்புறம் மொபைல் எண் என்ற கட்டம் வந்தது. அங்கே என் விரல் நின்றது.

அந்த ஒரு நிமிஷம் என் மண்டைக்குள் ஓடியதை இன்றைக்கு ஒன்றுவிடாமல் சொல்ல முடியும். பெண்பிள்ளையின் நம்பரை முகம் தெரியாத இடத்தில் கொடுப்பதாவது! எவன் கையில் போய்ச் சேருமோ, நாளைக்குப் பூ படம் போட்டு குட்மார்னிங் அனுப்புவான். எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கொடுத்ததில்லை. கேஸ் புக்கிங்கிலிருந்து கல்யாண மண்டபம் வரை எல்லாவற்றுக்கும் ஆம்பிளை நம்பர்தான். என் அம்மாவுக்கு ஒரு நம்பர் இருந்ததே பாதி சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. சரி, வழக்கப்படி என் நம்பரையே கொடுக்கலாம் என்றால், ஏற்கெனவே லோன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று நாள் முழுக்கக் கூப்பிட்டு உயிரை வாங்குகிறார்கள். இதில் வேலை வாங்கித் தரும் ஏஜென்ட்டுகளும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்போதுதான் ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். டாங்கிளுக்குள் இருந்ததும் ஒரு சிம்தானே? அதற்கும் பத்து இலக்கத்தில் ஒரு நம்பர் உண்டு. அது ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அதற்கு யாரும் குட்மார்னிங் அனுப்ப முடியாது, அனுப்பினாலும் அது வெட்கப்படாது. ஆகா, என்ன மூளை எனக்கு என்று என்னை நானே மெச்சிக்கொண்டு அந்த நம்பரைப் போட்டேன். ஐந்து கம்பெனிக்கும் அதே நம்பர்.

“போன் பண்ணிக் கூப்பிட்டா?” என்று அவள் கேட்டாள். கேட்கத்தான் செய்தாள், அதை மறைக்க மாட்டேன். எந்த நம்பரைப் போட்டேன் என்று அவளுக்குத் தெரியாது. பொதுவாகத்தான் கேட்டாள்.

“ஒழுங்கான கம்பெனின்னா மெயில்தான் அனுப்புவான். போன்லாம் லோக்கல் பசங்க பண்றது. மெயில நான் பாத்துக்கறேன்” என்றேன். வாழ்க்கையில் ஒரு கார்மென்ட்ஸ் வாசலைக்கூட மிதிக்காத நான், பதினான்கு வருஷம் உள்ளே இருந்தவளுக்குப் பாடம் நடத்தினேன். அங்கே யாருக்கு மெயில் எழுத நேரம்? ஒரு பீஸ் தப்பாகப் போனாலே லைனே நிற்கும் இடம் அது. அவர்கள் போன் அடிப்பார்கள், எடுக்கவில்லையென்றால் ஒரு மெசேஜ் தட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு அடிப்பார்கள். அவளுக்கு இது தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் என்னை நம்பினாள்.

முதல் கம்பெனிக்குப் பதிந்தபோது ஓடிபி வந்தது. திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி தானாகவே குதித்து எண்ணைக் காட்டியது. டாங்கிளுக்கு மெசேஜ் வந்தால் இப்படிக் கண்ணெதிரே வந்து நிற்கும் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். அதனால் எனக்குக் கவலையே இல்லாமல் இருந்தது.

அந்தப் பெட்டி எனக்கு வேறொரு நாள் குழி பறித்தது. வாராந்தர மீட்டிங். என் திரையை எல்லாருக்கும் காட்டி, இறந்துபோன ஒருவரின் குடும்பம் அனுப்பிய பாரத்தில் இருந்த பிழைகளை விளக்கிக்கொண்டிருந்தேன். எட்டுப் பேர் பார்க்கிறார்கள். செத்தவரின் வயதைப் படித்த அதே நொடியில் மூலையிலிருந்து பெட்டி குதித்தது. உங்கள் மனம் கவர்ந்த காதல் பாட்டைக் காலர் ட்யூனாக வைத்து அன்புக்குரியவரை மகிழ்வியுங்கள் என்று கன்னடத்தில் ஒரு விளம்பரம், பக்கத்தில் இரண்டு இதயங்கள். மேலதிகாரி, “முதல்ல பாட்ட செலக்ட் பண்ணிட்டு வாங்க, அப்புறம் பாரத்தைப் பாப்போம்” என்றார். எட்டுப் பேரும் சிரித்தார்கள்.

மீட்டிங் முடிந்ததும் முதல் வேலையாக அந்தப் பெட்டியின் கழுத்தை நெரித்தேன். டாங்கிளின் செட்டிங்ஸுக்குள் போய், மெசேஜ் வந்தால் காட்டாதே என்று அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு திரை அமைதியானது. தினமும் காலையில் இணைப்புக் கொடுக்கிற பட்டனை அழுத்தும்போது, அதற்குப் பக்கத்தில் ஒரு தபால் உறை படமும் அதன் தலையில் சிவப்பில் ஒரு எண்ணும் இருக்கும். ஏழு. பதினொன்று. இருபத்து நான்கு. அந்த எண் ஏற ஏற எனக்குப் பெருமை. அவளைக் கூப்பிட்டே காட்டியிருக்கிறேன்: “பாரு, எத்தனை விளம்பரம். இதெல்லாம் நம்ம போனுக்கு வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?”

அவள் எட்டிப் பார்த்துவிட்டு, “ம்” என்று சொல்லிக் கீரை ஆய்ந்தாள்.

ஏழு வாரம் ஓடியது. காலையில் காபியை மேடையில் வைக்கும்போது கேட்பாள்: “ஏதாவது வந்துச்சா?” நான் மெயிலைத் திறந்து பார்த்து, “ஒண்ணும் வரல” என்பேன். அதில் பொய் இல்லை. மெயிலில் ஒன்றும் வரவில்லைதான்.

வெறுமனே ‘வரல’ என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு எதையும் விளக்காமல் இருக்க முடியாதே. இப்போது எக்ஸ்போர்ட் ஆர்டரே குறைந்துவிட்டது என்றேன். சின்னப் பெண்களைக் குறைந்த சம்பளத்துக்கு எடுக்கிறார்கள் என்றேன். ஒருநாள், “நாப்பத்திரண்டு வயசுல லைன்ல நிக்க யார் கூப்புடுவா சொல்லு” என்றும் சொன்னேன். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். அவள் அன்று சாயங்காலம் மெடிக்கல் ஷாப்பிலிருந்து தலைமுடிச் சாயப் பாக்கெட் வாங்கி வந்தாள். அதுவரை அவள் சாயம் பூசியதே இல்லை. நரைத்த முடியோடுதான் அறுபது பேரை ஆட்டிவைத்தாள். கண்ணாடி முன்னால் நின்று காதோரம் பூசிக்கொண்டே, “வயசாயிடுச்சுன்னு எனக்கே தெரியல பாருங்க” என்றாள். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கமாக இல்லை. சாயம் சட்டையில் படாமல் பார்த்துக்கொள் என்றேன்.

பிறகு அல்சூர் மார்க்கெட்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் தேங்காய்க்கடையில் நிற்க, அவள் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு பெண் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். ஆனேக்கல்காரி. முன்பு என் மனைவியின் லைனில் காலர் தைத்தவள், இப்போது பொம்மசந்திராவில் நாங்கள் எழுதிப்போட்ட ஐந்து கம்பெனிகளில் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறாள்.

“ஏன்க்கா வரல நீங்க? எங்க எச்.ஆர் மேடம் எஷ்டு தரம், எத்தனை தரம் கூப்ட்டாங்க தெரியுமா. நான்தான் உங்க பேரச் சொன்னேன், லைன் சூப்பர்வைசர் என்ன, ஃப்ளோர் இன்சார்ஜாவே எடுத்துக்கலாம்னு. உங்க அப்ளிகேஷன் வேற அவங்க கையிலயே இருந்துச்சு. போன் பண்ணா ஸ்விட்ச் ஆஃப். மறுபடி பண்ணா ஸ்விட்ச் ஆஃப். என் பழைய போன் தொலஞ்சதுல உங்க நம்பரும் போச்சு. எங்க மேல கோவமாக்கா?”

“எனக்கு எந்த போனும் வரலையே” என்றாள் என் மனைவி. பையிலிருந்து தன் போனை எடுத்துப் பார்த்தாள். அது நன்றாக உயிரோடு இருந்தது. அப்புறம் நிமிர்ந்து தேங்காய்க்கடைப் பக்கம் பார்த்தாள். நான் தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன். இருபது தேங்காயாவது ஆட்டியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தோம். பையை இறக்கி வைத்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அப்ளிகேஷன்ல எந்த நம்பர் போட்டீங்க?”

சொன்னேன். டாங்கிள் நம்பர் என்று சொல்ல வாய் வரவில்லை. பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் தன் போனில் ஒவ்வொன்றாகத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு, மேடையில் வைத்தாள். இரண்டு நொடி நிசப்தம். பிறகு ஒரு பெண் குரல் மிகுந்த மரியாதையோடு, “நீவு கரெ மாடிருவ சந்தாதாரரு” என்று கன்னடத்தில் ஆரம்பித்து, நீங்கள் கூப்பிட்ட ஆள் தற்போது கிடைக்க மாட்டார் என்று மூன்று பாஷையில் சொல்லி முடித்தது. கூப்பிட்ட ஆள் எங்கள் இரண்டு பேர் மூக்குக்கும் எதிரே, ஸ்டீல் வடிகட்டிக்குள், பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“தொறங்க” என்றாள்.

லேப்டாப்பைத் திறந்தேன். தபால் உறையின் தலையில் ஐம்பத்து மூன்று என்று இருந்தது. முதல்முறையாக அதை அழுத்தினேன். காலர் ட்யூன், ரீசார்ஜ் சலுகை, ஜாதக பலன், மறுபடி காலர் ட்யூன். நடுநடுவே இங்கிலீஷில் வேறு மாதிரியான மெசேஜ்கள். அவளே மவுஸை வாங்கிக்கொண்டு, பீஸ் செக் பண்ணும் வேகத்தில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு கம்பெனி நேர்காணலுக்குத் தேதி சொல்லியிருந்தது. உங்கள் போன் அணைந்திருக்கிறது, தேதியைத் தள்ளி வைக்கிறோம் என்று அதே கம்பெனி மறுபடி. இன்னொரு கம்பெனி நாளைக் காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தது. அந்த ‘நாளை’ போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆனேக்கல்காரி சொன்ன கம்பெனியிலிருந்து மட்டும் நான்கு மெசேஜ். கடைசியில், ஃப்ளோர் இன்சார்ஜ் பதவிக்கு வேறு ஆளை எடுத்துவிட்டோம், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்றிருந்தது.

ஐந்து கம்பெனியில் மூன்று கம்பெனி கூப்பிட்டிருந்தது. நாற்பத்திரண்டு வயதில் யார் கூப்பிடுவார் என்று நான் கேட்ட அன்றைய தேதியிலேயே ஒரு மெசேஜ் இருந்தது. அந்தத் தேதியை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

“ஏன் என் நம்பரப் போடல?”

“லேடீஸ் நம்பர்... தெரியாத ஆளுங்ககிட்ட எதுக்குன்னு...”

“பதினாலு வருஷம் டெய்லர், மெக்கானிக், வேன் டிரைவர், துணி பாக்க வர்ற பையர் எல்லார்கிட்டயும் என் நம்பர் இருந்துச்சு. யாராவது என்னத் தூக்கிட்டுப் போயிட்டாங்களா?”

நான் லேப்டாப் கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்தேன்.

“சரி. உங்க நம்பரையாவது போட்டிருக்கலாமே?”

“லோன்காரங்க...” என்று இழுத்தேன். அதற்குமேல் சொல்ல எனக்கே கூசியது. ஆக, அவள் பிழைப்பு எனக்கு வரும் நாலு தொல்லை போனை விட இளப்பமாகப் போயிருந்தது. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஜன்னலுக்குப் போய் வடிகட்டியின் முடிச்சை அவிழ்த்து, எடுத்து வந்து, குழாயடியில் தேய்த்துக் கழுவி, முருங்கைக்காயை அதில் போட்டு அலசினாள். டாங்கிள் வெறும் ஒயரில் ஆடிக்கொண்டிருந்தது. சிக்னல் ஒரு கோடுகூடக் குறையவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மீட்டிங். மேலதிகாரி பேசிக்கொண்டிருந்தார். சொல்லி வைத்தாற்போல மிக்ஸி ஓடியது. தேங்காய்ச் சட்னி. நான் மைக்கை அணைக்கப் போவதற்குள் என்ன சத்தம் அது என்று அவர் கேட்டுவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் மிக்ஸியின் மூடியை அழுத்திப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வீட்ல வேலை நடக்குது சார்” என்றேன். சட்னியை நன்றாக மைய அரைத்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

அன்று மத்தியானமே குளித்து, புடவையை மாற்றிக்கொண்டு, பஸ் ஏறிப் பொம்மசந்திராவுக்குப் போனாள். என்னை எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு கேட்டாக நின்று, செக்யூரிட்டியிடம் கன்னடத்தில் பேசி, எச்.ஆரை வெளியே வரவழைத்துப் பார்த்திருக்கிறாள். ஃப்ளோர் இன்சார்ஜ் இடத்துக்கு எடுத்த ஆள் யார் என்றும் அங்கேதான் தெரிந்தது. அந்த ஆனேக்கல்காரியேதான். மார்க்கெட்டில் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறாள். அவளும் கேட் வரை வந்து, “உங்க எடம்க்கா இது” என்று அழுதாளாம். “அழாதடி, லைன் ஓடுது, உள்ள போ” என்று இவள் அனுப்பி வைத்தாளாம். மூன்றாவதாகப் போன கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. பழைய வேலை, பழைய பதவி. ஒரு படி மேலே ஏற வேண்டியவள் நின்ற படியிலேயே மறுபடி நின்றாள், என்னால்.

வேலையில் சேருவதற்கான பாரத்தைக் கையோடு வாங்கி வந்திருந்தாள். காகித பாரம். நான் லேப்டாப்பை ஒதுக்கிவிட்டு, “குடு, போட்டுத் தரேன்” என்றேன். எந்த முகத்தோடு கேட்டேன் என்று தெரியவில்லை. அவள் பேனாவை எடுத்துக்கொண்டு அவளே மேடையில் குனிந்து எழுத ஆரம்பித்தாள். மொபைல் எண் கட்டத்தில் தன் நம்பரை அழுத்தமாக எழுதினாள். எழுதி முடித்து மையைக் காய வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

எனக்குத் தொழில் புத்தி. காலியான கட்டம் ஏதாவது இருக்கிறதா என்று பாரத்தை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் காலியாக இல்லை. கடைசிக்கு முந்தைய வரியில், ஆபத்து அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். என் பெயர். உறவு: கணவர். அதற்குப் பக்கத்தில் நம்பர். நான் அதை இரண்டு முறை படித்தேன். துணிக்கட்டுகளின் லாட் நம்பர்களை மனப்பாடம் செய்தே பழகியவள், ஒரு இலக்கம்கூடத் தவறாமல் எழுதியிருந்தாள்.

“இது டாங்கிள் நம்பர்” என்றேன்.

“தெரியும்.”

“ஏதாவது ஒண்ணுன்னா எனக்கு எப்படி...”

“தெரியாத ஆளுங்ககிட்ட உங்க நம்பர எதுக்குக் குடுக்கணும்?” என்று சொல்லிவிட்டு அரிசியை வடிகட்டியில் கொட்டினாள்.

தொடர்பு எண் தப்பாக இருக்கும் பாரத்தை நான் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று சொன்னேன் அல்லவா? இதை அனுப்ப முடியவில்லை. அவள் அதைத்தான் கொடுத்தாள், அவர்களும் அதைத்தான் கோப்பில் வைத்திருக்கிறார்கள். மாற்றிக் கொடு என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

வேன் ஆறரைக்கு வருகிறது, அவள் போகிறாள். சமையலறை மறுபடி என் ராஜ்ஜியம். அந்தப் பெட்டி திரையில் குதிக்கும்படி மறுபடி செட்டிங்ஸை மாற்றிவிட்டேன். மீட்டிங்கில் இதயங்கள் குதிக்கின்றன, எட்டுப் பேரும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அது போதாதென்று மணிக்கொரு தரம் தபால் உறையை நானே திறந்து, காலர் ட்யூன், ரீசார்ஜ், ஜாதகம் என்று ஒன்றுவிடாமல் கடைசி வரி வரை படிக்கிறேன். எல்லாம் விளம்பரம்தான் என்று உறுதியான பிறகுதான் அடுத்த பாரத்தை எடுக்கிறேன்.